போதகரின் மைக்கும் பொதுக் காற்றும்

அமெரிக்க சர்ச்சுகளில் பிரசங்கம் செய்பவரின் சட்டையில் குட்டியாக ஒரு மைக் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வயர் கிடையாது. மேடையில் அங்குமிங்கும் நடந்துகொண்டே பேசுவார். இதில் சட்டத்துக்கு என்ன வேலை என்கிறீர்களா? பல வருடங்களாக அந்த மைக்குகளில் பெரும்பாலானவை லைசென்ஸ் இல்லாமல்தான் ஓடின!

வயர்லெஸ் மைக் என்பது ஒரு சின்ன ரேடியோ ஸ்டேஷன். டிவி சேனல்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையில், அந்த ஊரில் காலியாக இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கான லைசென்ஸை டிவி நிலையம், சினிமா கம்பெனி போன்ற சிலருக்குத்தான் எஃப்.சி.சி. என்ற ஆணையம் தந்தது. சர்ச்சுக்குத் தகுதியில்லை. ஆனால் கடையில் யார் கேட்டாலும் மைக் கிடைத்தது. வாங்கியவர்களில் பலருக்கு விதியே தெரியாது. ஆணையமும் கண்டுகொள்ளவில்லை.

2009-ல் டிவி முழுக்க டிஜிட்டலானதும் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி காலியானது. அதில் ஒரு பங்கு போலீசுக்கும் தீயணைப்புக்கும். பெரும் பங்கு செல்போன் கம்பெனிகளுக்கு. 2008 ஏலத்தில் மட்டும் சுமார் 1,900 கோடி டாலர் வசூல். 2010 ஜூன் 12-க்குப் பிறகு அங்கே மைக் கூடாது என்று உத்தரவு. கூடவே, மற்ற டிவி சேனல்களில் குறைந்த சக்தி மைக்குகளை லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்த அனுமதியும் வந்தது. சர்ச்சுகள் புது மைக் வாங்கின. பலர் வாங்கியது 600 மெகாஹெர்ட்ஸ். 2017-ல் அதன் பெரும் பகுதியும் ஏலம் போனது! 2020 ஜூலை 13-க்குள் அதையும் காலி செய்ய வேண்டியிருந்தது.

காற்றலை பொதுச் சொத்து. சாமி காரியம் என்பதற்காக யாரும் அதைச் சொந்தம் கொண்டாட முடியாது. தீயணைப்பு வீரரின் வாக்கிடாக்கிதான் முதலில். இதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் புறம்போக்கில் குடியிருப்பவரைக் காலி செய்யும்போது, அதை மனை போட்டு விற்றவரையும், பார்த்தும் பார்க்காமல் இருந்த அதிகாரியையும் கேள்வி கேட்க வேண்டாமா? மைக்கை விற்கும்போதே விதியை எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் 2010-ல்தான் வந்தது. 2017 ஏலத்தால் சேனல் மாறிய டிவி நிலையங்களின் செலவுக்கு 175 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மைக் மாற்றியவர்களுக்கு அரசுப் பணம் ஒரு காசு கிடையாது. சில கம்பெனிகள் பழைய மைக்குக்குத் தள்ளுபடி தந்ததோடு சரி.

இன்னொரு கூத்து. 2014-ல் லைசென்ஸ் தகுதியை விரிவாக்கினார்கள். யாருக்கு? வழக்கமாக 50 அல்லது அதற்கு மேற்பட்ட மைக்குகளைப் பயன்படுத்தும் பெரிய அரங்குகளுக்கும் சவுண்ட் கம்பெனிகளுக்கும்! ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும் சர்ச்சுக்குப் பாதுகாப்பு உண்டு. இரண்டே மைக் வைத்திருக்கும் கிராமத்து சர்ச்சில் இடையூறு வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொதுச் சொத்தைக் காப்பதற்குத்தான் விதி. அந்தப் பொதுவில் சின்னவர்களும் சேர்த்திதானே? ஏலத்தில் வந்த கோடிகளில் துளி ஒதுக்கியிருந்தால் அவர்களின் மைக்கை மாற்றிக் கொடுத்திருக்கலாம். அதைச் செய்திருந்தால் காலி செய்யச் சொன்ன உத்தரவை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.