வேலியில் மருந்து, வேற்றுமொழியில் அறிவு!

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஆடாதோடை வேலியாய் நிற்கிறது. அதன் இலைச்சாற்றில் தேன் கலந்து இருமலுக்குத் தருவது வழிவழி வந்த தமிழ் மருத்துவம். அவ்விலையின் மருந்துப்பொருளை 1888இல் பிரித்தெடுத்தவர், சென்னை அரசின் அலுவலராய் உதகையில் பணியாற்றிய ஊப்பர் என்னும் ஆங்கிலேயர். தமிழ் மண்ணில் பணியாற்றியவர் கண்ட பொருளுக்கு வாய்த்த பெயரோ, 'வாசகா' என்னும் வடசொல்வழி வந்த 'வாசிசின்'!

1970களின் கடைசியில் சம்மு வட்டார ஆய்வகத்தார் அப்பொருளை விலங்குகளின் கருப்பையில் செலுத்தி ஆய்ந்தனர். கருப்பை இறுகிச் சுருங்கியது. பேற்றைத் தூண்டும் ஆற்றலும் கருவைக் கலைக்கும் ஆற்றலும் அதற்கு உண்டெனக் கண்டனர்.

இருமல் தீர்க்கும் இலை, கருவுற்றவளுக்கு ஊறு செய்யலாம். இச்செய்தி முதற்கண் யாரை அடைந்திருக்க வேண்டும்? மேலூர், உசிலம்பட்டிப் பகுதித் தாய்மாரை அன்றோ? அடைந்ததோ ஆங்கில ஆய்விதழ்களை!

அறிவியற் பெயருக்கு மண்ணின் மொழி ஒவ்வாது என்பார்க்குக் காங்கோ விடை கூறும். அந்நாட்டு மகளிர் பேற்றுக்காகப் பருகிய 'கலட்டா-கலட்டா' என்னும் மூலிகைநீரை நார்வே மருத்துவர் உலோரன்சு கிரான் ஆராய்ந்தார். அதன் வேதிப்பொருளை உலகம் இன்றும் 'கலட்டா' என்றே அழைக்கிறது. ஆடாதோடைக்கு மட்டும் அவ்வுரிமை இல்லையா?

1901இல் பாண்டித்துரையார் தமிழ்ச்சங்கம் கண்ட மதுரை, மருத்துவ ஆய்வையும் தமிழில் வெளியிடுக! 'கருவுற்றோர் மருத்துவரைக் கேளாது உண்ணற்க' என ஒவ்வொரு மருந்துக்குப்பியும் தமிழில் உரைக்கட்டும்! மொழிகாப்பு வெற்றுப் பெருமையன்று, தாயின் உயிர்காப்பு!