முகாம் முடிந்த மறுநாள்

நமது பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் இலவசப் பல் மருத்துவ முகாம் நடப்பது புதிதல்ல. வெள்ளை அங்கி அணிந்த மாணவ மாணவியர் வேனில் வந்து இறங்குகின்றனர். ஆலய வளாகத்தில் நாற்காலி போட்டு, டார்ச் அடித்துப் பற்களைப் பார்க்கின்றனர். ஒரு சீட்டும் பற்பசையும் தந்து விடைபெறுகின்றனர். பயன் யாருக்கு என்று நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பி.டி.எஸ். படிப்பு நான்கு ஆண்டுகள், அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி என்று இந்தியப் பல் மருத்துவக் குழு வகுத்தது. அந்த ஓராண்டில் மூன்று மாதங்களைச் சமூகப் பல் மருத்துவத்திற்கும் கிராமப்புறப் பணிக்கும் ஒதுக்கியது. நோக்கம் நல்லதே. கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறவர் வலி தாங்காமல் பேருந்து ஏறி வந்தவர். வராமல், கிராம்பைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவரை மாணவர் ஊரில்தான் சந்திக்க முடியும். வேர் சிகிச்சைக்குப் பலமுறை வந்தால் அத்தனை நாள் கூலியும் போகும். அவர் ஏன் "பிடுங்கிவிடுங்க தம்பி" என்கிறார் என்பதும் அங்குதான் விளங்கும்.

புகையிலையை எடுத்துக்கொள்வோம். 2016-17இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 21 பேர் மெல்லும் புகையிலை போன்றவற்றைப் பயன்படுத்தினர். வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே காட்ட வருவாரில்லை. அது புற்றாக மாறுமுன் கண்டுகொள்ளப் பழக, ஊரைவிட நல்ல வகுப்பறை ஏது?

ஆனால் பார்ப்பது மட்டும் பயிற்சி ஆகாது. அமெரிக்காவில் ராபர்ட் உட் ஜான்சன் அறக்கட்டளை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதரித்த திட்டம், இறுதியாண்டு மாணவர்கள் 60 நாட்கள் சமூக மருத்துவ நிலையங்களில் பணிபுரிய வேண்டுமென இலக்கு வைத்தது. ஒரே இடத்தில் அத்தனை நாள் இருந்தால், தான் அடைத்த பல் அடுத்த வாரம் எப்படி இருக்கிறது என்று மாணவரே காணலாம். அருகில் நிற்கும் ஆசிரியர் தவறைக் கையோடு திருத்தலாம். நம் ஊர் முகாமிலோ மாணவர் எழுதித் தரும் சீட்டோடு கதை முடிகிறது. நோயாளி எண்ணிக்கை தேவைப்படும் கல்லூரிக்கு முகாம் ஆள் சேர்க்கும் வழியாகிவிடுவதும் உண்டு. (எல்லாக் கல்லூரியும் அப்படியல்ல.)

வசதியில்லை என்பதும் முழு உண்மையன்று. மின்சாரமோ துளைக்கருவியோ இன்றிக் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமரால் அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் உருவானது. சுத்திகரித்த கருவிகளும் கண்காணிக்கும் ஆசிரியரும் இருந்தால், நம் பள்ளி வராந்தாவிலேயே அதைச் செய்யலாம்.

ஆகவே, முகாமுக்கு இடம் தரும் பங்குப் பேரவையினர் சிலவற்றைக் கேட்டே ஆகவேண்டும். மாணவர் அருகில் நின்று பார்க்கும் ஆசிரியர் யார்? சீட்டு பெற்றவருக்குக் கல்லூரியில் செலவு எவ்வளவு? இதே மாணவர்கள் மறுபடியும் எப்போது வருவார்கள்? கடைசிக் கேள்விக்குத் தேதி கிடைத்தால், அதை அன்றைய ஞாயிறே ஆலயத்தில் அறிவித்துவிடலாம்.