எந்த மணிநேரம் யாருடையது?

இணையவழியில் படிக்க விரும்புவோருக்குத் தவறாமல் வழங்கப்படும் அறிவுரை ஒன்றுண்டு: உங்கள் வாழ்க்கைமுறைக்கு ஏற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரம் உள்ளவருக்கு நேரலை வகுப்பு, இல்லாதவருக்குப் பதிவுசெய்த காணொலி என்று அது உடனே இரண்டாகப் பிரிந்தும் விடுகிறது. ஒருவருடைய நேரம் அவருக்கே உடைமை என்னும் நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. இந்தியக் குடும்பங்களை அறிந்தவர் எவரும் அதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டார். 'எனக்கு எப்போது ஓய்வு?' என்பதற்கு முன்பாக, 'எந்த மணிநேரத்தைப் பிறர் எனக்கு விட்டுத்தருவர்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கூட்டுக்குடும்பத்தில் வாழும், இளநிலைப் பட்டத்தோடு படிப்பு நின்றுபோன ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். பதிவுசெய்த பாடமே அவருக்கு உகந்தது என்றுதான் பலரும் சொல்வர். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் அல்லவா? ஆனால், எப்போது வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பாடத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லவும் முடியும். "அப்புறம் பார்த்துக்கொள்ளேன்" என்று மாமியார் சொன்னால் அதற்கு மறுமொழி இல்லை. மாலை நான்கு மணிக்கு ஆசிரியர் வந்துவிடுவார், வருகை பதிவாகும் என்னும் நிலையில் அந்த ஒரு மணிநேரத்துக்கு ஒரு நியாயம் பிறக்கிறது. கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையும் கிடைக்கிறது. பார்வைக்கு இறுக்கமான வடிவமே இவருக்குக் காவலாக அமைகிறது.

தில்லி மருத்துவமனை ஒன்றில் காலை, மாலை, இரவு எனப் பணிமுறை மாறிமாறி வரும் செவிலியருக்கு இதே நேரலை வகுப்பு பயன்படாது. ஆயினும், கெடுவே இல்லாத காணொலித் தொகுப்பும் அவரைக் கரைசேர்ப்பது அரிது. இரவுப் பணி முடிந்து வந்தவரைத் தூக்கம்தான் வெல்லும். அவருக்குத் தேவையானது இடைப்பட்ட ஒன்று. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்பிடெல் பாடங்களும், 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளமும் அத்தகைய வடிவத்தைத் தருகின்றன. காணொலியை எந்த வேளையிலும் பார்க்கலாம். ஒப்படைப்பை மட்டும் அந்தந்த வாரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும். என்பிடெலின் 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளின் மதிப்பெண்களே கணக்கில் சேரும். காய்ச்சலுக்கும் திருவிழாவுக்கும் கூடுதல் பணிக்கும் நான்கு வாரங்களை விட்டுவைத்திருக்கும் இவ்விதி, எந்த விளம்பரத்தையும்விட மனித வாழ்க்கையை நன்கறிந்தது.

பாடம் இலவசம், சான்றிதழுக்கான தேர்வுக்குத்தான் கட்டணம். அத்தேர்வு இறுதி மதிப்பெண்ணில் 75 விழுக்காடு. அதை எழுத நேரில் தேர்வு மையத்துக்குச் சென்றாக வேண்டும். 'எங்கிருந்தும் எப்போதும்' என்னும் வாக்குறுதி அந்த வாசலில் முடிந்துவிடுகிறது. ஆகவே, பதிவுசெய்யும்போதே தேர்வுத் தேதியைப் பார்த்து விடுப்புக்குச் சொல்லிவைப்பது அறிவுடைமை.

வாழ்க்கைமுறை பற்றிய இப்பேச்சில் மொழி இடம்பெறுவதே இல்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தாய்மொழியில் படித்தவர் ஆங்கில நேரலை வகுப்பில் ஒரு சொற்றொடரைப் பிரித்துப் பொருள்கொள்வதற்குள் ஆசிரியர் மூன்றாவதற்குச் சென்றிருப்பார். நிறுத்திக் கேட்க நாணம் தடுக்கும். பதிவுசெய்த காணொலியை நிறுத்தலாம், பின்னோக்கி நகர்த்தலாம், வேகத்தைக் குறைக்கலாம். என்பிடெல் பாடங்கள் சிலவற்றின் எழுத்துவடிவம் தமிழ், இந்தி உள்ளிட்ட மொழிகளிலும் கிடைக்கிறது. இத்தகையோர் முதல் பருவத்திலேனும் பதிவுசெய்த பாடங்களை நாடுவது நல்லது. அவர்களை மெதுவாகக் கற்பவர் என்று முத்திரை குத்துவது அறியாமை. அவர்கள் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பதே ஒரு திறன்பேசிதான் என்றால் திரையைச் சாராத வழியையும் எண்ணலாம். 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அச்சுப் பாடநூல்களை இன்று பழமை என்று ஒதுக்குவோர் உண்டு. மூன்றாண்டு இளநிலைப் படிப்பை முடிக்க அது ஆறாண்டுகள்வரை இடமளிக்கிறது. மகப்பேறும் பணியிட மாற்றமும் குறுக்கிடும் வாழ்க்கைக்கு அந்த அளவு பொருந்துகிறது.

எதில் சேர்வதாக இருந்தாலும், கட்டணம் செலுத்துமுன் ஒரு வாரம், எண்ணியிருக்கும் அதே மணிநேரத்தில் ஏதேனும் ஒரு நூலோடு அமர்ந்து பார்க்கலாம். எத்தனை முறை எழ நேர்ந்தது, யார் அழைத்தார்கள் என்று குறித்துவைத்தால் போதும். பாடத்திட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பாக அந்தத் தாளைப் பார்க்க வேண்டும்.