மருந்துச் சீட்டும் நமது உரிமையும்

நோய்க் காப்பீட்டுப் பாலிசி ஒன்று எடுத்துவிட்டால் மருந்துச் செலவு முழுவதும் நீங்கிவிடும் என்று நம் அங்கத்தினர்களில் பலர் எண்ணுகின்றனர். வேறு பலரோ, மருத்துவமனைக் கணக்கு தீர்ந்த அன்றே காப்பீட்டின் பயனும் தீர்ந்ததெனக் கருதி, தமக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேளாமலே விட்டுவிடுகின்றனர். முன்னவர் அடைவது ஏமாற்றம். பின்னவர் அடைவது நஷ்டம். இரண்டையும் தவிர்க்கச் சங்கங்கள் முன்வர வேண்டுமென்பது நமது கருத்து.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பொது மாதிரியாக வகுத்த ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்னும் பாலிசி 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தனியார் கம்பெனிகளும் இதனை விற்கின்றன. ஒரே நாளில் முடியும் சில சிகிச்சைகள் நீங்கலாக, குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கியிருந்தால்தான் இதன் பயன் கிட்டும். அவ்வாறு தங்கினால், சேர்வதற்கு முந்திய 30 நாட்களிலும், வீடு திரும்பிய பின் 60 நாட்களிலும், அதே நோயின் பொருட்டு மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளின் விலையையும் கோரலாம். ஒப்புக்கொள்ளப்படும் தொகையில் நூற்றுக்கு 5 பங்கு நம்முடைய பொறுப்பு. பிற பாலிசிகளில் நாட்களும் பங்கும் வேறுபடும். அவரவர் பாலிசியைப் படித்தறிய வேண்டும்.

ஓர் அங்கத்தினர் அறுவைச் சிகிச்சைக்காக நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்தாரென்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைக் கட்டணத்தைக் கம்பெனி நேராகச் செலுத்திவிடுகிறது. அவர் வீடு திரும்பி ஆறு வாரம் தறியில் உட்கார இயலாமல், கைப்பணத்தைக் கொண்டு மருந்து வாங்குகிறார். அந்த ஆறு வாரச் செலவும் கோரத்தக்கதே. கூலியற்ற நாட்களில் செலவான பணமாதலால், அது திரும்பி வருதல் குடும்பத்துக்குப் பேருதவி.

இதற்கு வேண்டுவன யாவை? மருத்துவரின் சீட்டு, நோயாளியின் பெயரும் தேதியும் மருந்தின் பெயரும் உள்ள கடை ரசீது, மருத்துவமனை தந்த விடுவிப்புச் சுருக்கம் ஆகியவையே. துண்டுக் காகிதத்தில் கூட்டிப் போட்ட தொகை ரசீது ஆகாது. அசலைக் கம்பெனிக்கு அனுப்புமுன் நகல் எடுத்து வைத்தல் நலம். மேற்சொன்ன பாலிசியில், மருத்துவமனையிலிருந்து வெளிவந்த 30 நாட்களுக்குள் முதற் கோரிக்கையையும், பிந்திய சிகிச்சை முடிந்த 15 நாட்களுக்குள் அதற்கான கோரிக்கையையும் அனுப்ப வேண்டும். தவிர்க்க இயலாத காரணத்தால் தாமதம் நேர்ந்தால், அதனை மட்டுமே சொல்லி நியாயமான கோரிக்கையைத் தள்ளலாகாதென ஆணையம் 2011இலேயே அறிவுறுத்தியுள்ளது.

கோரிக்கை மறுக்கப்பட்டால் சோர்ந்துவிடலாகாது. முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை திருப்தி அளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் செல்லலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

இனி, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்குவோரின் நிலை யாது? மருத்துவமனையில் தங்காத இவர்களுக்குப் பொதுவான பாலிசிகள் ஒன்றும் தருவதில்லை. பிரிமியத்தையும் கட்டி, மருந்தையும் தாமே வாங்குகின்றனர். இது மாற்ற இயலாத நியதி அன்று. 2005-06இல் மத்திய அரசு, ஐ.சி.ஐ.சி.ஐ. லோம்பார்டு என்னும் தனியார் கம்பெனி வாயிலாகக் கைத்தறி நெசவாளருக்கு நடத்திய திட்டத்தில், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 15,000 வரை காப்பு இருந்தது, அதில் ரூ. 7,500 வரை புறநோயாளிச் சிகிச்சைக்கும் இடமிருந்தது. பிரிமியத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்றதென்பதை நாம் மறைக்கவில்லை. அத்திட்டம் இன்று இல்லை. எனினும், பலர் ஒன்றாய் நிற்கும்போது தனியார் கம்பெனியும் புறநோயாளிச் செலவை ஏற்க இயலும் என்பதற்கு அது சான்று.

காப்பீட்டுக்காகவே திரட்டிய கூட்டத்துக்குக் குழுப் பாலிசி அளிக்க விதி இடந்தராது. தொழிலுக்காக அமைந்த நம் சங்கங்களுக்கு அத்தடை இல்லை. ஆகவே, தனித்தனியே பாலிசி வாங்குவதை விடுத்துச் சங்கமாகப் பேரம் பேசுதலும், புறநோயாளி மருந்துக்கும் ஓர் அளவு இடங்கேட்டலும் தக்க வழியாகும். பிரிமியம் சிறிது கூடலாம். எவ்வளவு கூடுமென்று கேட்டறிந்து அங்கத்தினரே முடிவு செய்யட்டும்.

நூலும் உரமும் கொடுக்கும் சங்கத்துக்கு இவ்வேலை எதற்கென்று சிலர் வினவலாம். மருந்துக்காக வட்டிக்குக் கடன் வாங்கியவர் சங்கக் கடனைத் தவணையில் செலுத்துவதெப்படி? அங்கத்தினரின் நோய் சங்கத்தின் பேரேட்டிலும் பாக்கியாகத் தோன்றவே செய்கிறது.

ஒவ்வொரு சங்கமும் கோரிக்கைகளை எழுதி அனுப்ப எழுத்தர் ஒருவரை நியமித்து, சீட்டுகளையும் ரசீதுகளையும் காக்க ஓர் அலமாரியை ஒதுக்க வேண்டும். செலவு சொற்பம்; பயன் பெரிது. அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.