கெப் வண்டியும் சேவைக்காலப் பணமும்

அண்மைக் காலமாக எமது கிளைக் காரியாலயங்களுக்கு வரும் அங்கத்தவர்கள் சம்பளம், வீடு, பேர் வெட்டு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "பழைய டீசல் கெப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அம்மாவின் பணம் வந்ததும் எடுக்கலாமா?" கேட்பவர் பெரும்பாலும் கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய இளைஞர். அம்மாவின் பணம் என்று அவர் சொல்வது ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்.

வண்டி வாங்குவதில் தொழிற்சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். முப்பது வருடம் கொழுந்து பறித்த பணம் ஒரே நாளில் கைமாறுகிறது என்றால் அது சங்கத்தின் காரியம்தான்.

வண்டி தேவையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. அது துரைமார்களின் விளைச்சலைக் கொழும்புக்கு இறக்க வந்த ரயில். இன்றும் தோட்டத்து லொறி கொழுந்து மடுவத்துக்கு நேரம் தவறாமல் வருகிறது. இரவு பதினொரு மணிக்குப் பிரசவ வலி கண்ட பிள்ளையை டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அந்த லொறிச் சாரதியைத் தேட வேண்டும், அவருக்கு அனுமதி தருபவரையும் தேட வேண்டும். லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போடுபவர்கள் இரண்டு மூடையை நுவரெலியாவுக்கு அனுப்பக் கொடுக்கும் கூலியில் இலாபத்தின் பெரும் பங்கு போய்விடுகிறது. தோட்டத்துக்குள் ஒரு வண்டி இருந்தால் எத்தனை குடும்பத்துக்கு உதவும் என்பது எமக்குத் தெரியாததல்ல.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சேவைக்காலப் பணச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். முப்பது வருடம் வேலை செய்த ஒரு தாய்க்கு 420 நாள் சம்பளம் சேரும். 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் இருந்தபோது அது 567,000 ரூபா. இன்றைய சந்தையில் இந்தத் தொகைக்கு ஓடக்கூடிய கெப் கிடைக்காது. எனவே அது முற்பணமாகிறது. மீதிக்கு லீசிங்.

மாதத் தவணை 60,000 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கு 22 பேர் போட்டாலும், சேமலாப நிதி கழிக்கும் முன்பே, அந்த 1,350 ரூபாச் சம்பளத்தில் வந்தது 59,400 ரூபா. தவணைக்கே 600 ரூபா குறைந்தது. பிறகு டீசல். மலைப் பாதையில் பாரத்தோடு லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் நல்ல வண்டி. நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர். லீற்றரை 300 ரூபா என்று பிடித்தால் 3,000 ரூபா, அதாவது அந்த 1,350 ரூபாக் கணக்கில் இரண்டு பேரின் நாட்சம்பளத்துக்கும் மேல். டயர், எண்ணெய், காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எதையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

"ஹயர் ஓடினால் எல்லாம் வந்துவிடும்" என்பார்கள். வரலாம். கையில் ஏற்கனவே நிலையான ஹயர் உள்ளவருக்கு அது கணக்கு. இல்லாதவருக்கு அது நம்பிக்கை. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவானதையும், வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், பிறகு கியூஆர் அட்டையில் அளந்து ஊற்றியதையும் மறந்துவிட முடியாது. மண்சரிந்து பாதை மூடினாலும் தவணை நாள் தள்ளிப்போவதில்லை. தவணை தவறினால் வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதியைப் பிணை நின்றவர்களிடம் கேட்பார்கள். பிணை நின்றவர் பக்கத்துக் காம்பராக்காரர். நுண்கடனில் எமது சகோதரிகள் பட்ட பாட்டை இன்னொரு வாசல் வழியாக லயத்துக்குள் கூட்டி வரவேண்டாம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால்தான் பழைய வண்டிகளின் விலை இப்படி ஏறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியிருக்கிறது. வரி அதிகமென்பதால் விலை உடனே விழவில்லை. ஆயினும் "எடுத்த விலைக்கு எப்போதும் விற்கலாம்" என்று தரகர் சொல்வதை இனி நம்பி இறங்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் வாங்குவதென்றால் வண்டியை வெயிலேறிய நேரத்தில் பார்க்கப் போகாதீர்கள். பனி விலகாத காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை தடவையில் பிடிக்கிறது என்பதில்தான் டீசல் வண்டியின் உண்மை இருக்கிறது. பிடித்த பிறகு நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை சூடேறியும் நிற்காவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள். ஓடும் எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா என்றும் பாருங்கள். தள்ளினால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று பொருள். அடியில் படுத்துச் செசியைப் பார்க்க வேண்டும். கரையோரத்தில் ஓடிய வண்டியென்றால் உப்புக்காற்றில் துரு பிடித்து, மேலே பூச்சு அடித்திருப்பார்கள். கிலோமீற்றர் மீட்டரை நம்ப வேண்டாம். பிரேக் மிதியின் றப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் எண்பதாயிரம் காட்டினால் எது பொய்? தராசில் கிலோ வெட்டுவதைக் கண்டுபிடிக்கும் எமது சகோதரிகளின் கண்ணுக்கு இதெல்லாம் பெரிய வித்தையல்ல. போகும்போது அவர்களையும் கூட்டிப் போங்கள். கராஜ் பாஸ் ஒருவரையும் கூட்டிப் போங்கள், ஆனால் விற்பவருக்குத் தெரிந்த பாஸ் வேண்டாம்.

ஏற்றத்தில் இழுக்கிறதா என்று பார்ப்பவர்கள் இறக்கத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதில்லை. மலைநாட்டில் உயிரைக் காப்பது இரண்டாவதுதான். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல வீதியில் பஸ்ஸொன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் மாண்டதை எவரும் மறந்திருக்க முடியாது. நீண்ட இறக்கத்தில் இறங்கிப் பார்த்து, பிரேக் சூடேறிய பிறகும் பிடிக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகு, பின்தட்டில் பதினைந்து பேரை நிற்க வைத்துத் திருவிழாவுக்கு ஏற்றிப் போகாதீர்கள். சாமான் ஏற்றவென்று காப்புறுதி செய்த வண்டியில் ஆட்கள் விழுந்தால் காப்புறுதிக்காரர் கைவிரிப்பார்.

பத்திர விடயத்தில் ஏமாறுபவர்களே அதிகம். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால், கடன் தீர்ந்ததென்ற கடிதமில்லாமல் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. "ஓபன் பேப்பரில் ஓட்டுங்கள், பிறகு மாற்றலாம்" என்பார்கள். மாற்றாதவரை அந்த வண்டி சட்டப்படி உங்களுடையதல்ல.

எமது நிலைப்பாடு இதுதான். ஓய்வு பெறும் தாயின் சேவைக்காலப் பணத்தை முற்பணமாக்கி லீசிங்கில் வண்டி எடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை. அது அவருடைய பணம். மருந்துக்கும் முதுமைக்கும் அவரிடம் வேறொன்றும் இல்லை. லய வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லாததால் வங்கி எம்மை வாசலோடு அனுப்பிவிடுகிறது, அதனால்தான் பிள்ளைகள் தாயின் பணத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் எமக்குத் தெரியும். காணியுரிமைக் கோரிக்கையை நாம் விடாமல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தோட்டத்துக்கு ஒரு வண்டி வேண்டுமென்றால் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து, இயன்றால் லீசிங் இல்லாமல், சிறிய வண்டியாக எடுக்கலாம். மரக்கறிக்குப் பெரிய கெப்பே வேண்டுமென்பதில்லை, ஒரு பட்டா போதும். கூட்டு வண்டியில் சண்டை வரும் என்பது உண்மை. யார் ஓட்டுவது, இரவில் நோயாளிக்கு யாரிடம் சாவி, பழுதானால் யார் செலவு என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தொடங்க வேண்டும். மரண உதவிச் சங்கங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் பிசகாமல் நடத்தியவர்கள் எம்மவர்கள்.

தோட்டப் பாதை சீராகாமல் எந்த வண்டியும் நிலைக்காது. 2018 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் தோட்டங்களுக்குள் வேலை செய்யப் பிரதேச சபைகளுக்கு வழி திறந்திருக்கிறது. தோட்டத் தலைவர்கள் தமது பாதையின் நிலையை எழுதி, அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு முன் ஒப்படைக்க வேண்டும். சபைகளிடம் கையளிப்பதை நாம் பார்த்துக்கொள்வோம்.

லீசிங் பத்திரங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் பலர் வாசிக்காமல் கையொப்பமிடுகிறார்கள். கையொப்பமிடும் முன் அதைக் கிளைக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துச் சொல்வோம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாருங்கள். பணம் அம்மாவுடையதென்றால் அம்மாவும் வரவேண்டும்.