வண்டி நிக்கோணுமுங்க!

போத்தனூரிலிருந்து செட்டிபாளையம் ரோட்டைப் பிடித்துப் போனால் காரி மோட்டார் ஸ்பீட்வே வருகிறது. 2003-ல் திறந்த ரேஸ் ட்ராக். கோயமுத்தூர்க்காரரான கரிவர்தன் பெயரில்தான் அந்தக் 'காரி'. மாருதி 800 எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் காரில் பொருத்தி, 'ஃபார்முலா மாருதி' என்று பெயர் வைத்து, நம்ம பையன்களும் ரேஸ் ஓட்டலாம் என்று காட்டினவர். 1995-ல் ஒரு குட்டி விமான விபத்தில் போய்விட்டார். 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். ஆகவே ஸார், எங்கள் பக்கத்தில் கார் என்பது குலதெய்வத்துக்கு அடுத்த படியில் உட்கார்ந்திருக்கும் சமாசாரம்.

இதில் ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் பார்த்துவிட்டு வருகிற பையன்களுக்குத் திங்கட்கிழமை காலை கை அரிக்கும். என் மனைவியின் தம்பிக்கு அரித்தது. எட்டு வருஷத்துப் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். ஒரு கொட்டேஷனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"மாமா, பிரேக்கை அப்கிரேட் பண்றேன். அடுத்த வாரம் அம்மா, அக்கா, குழந்தைக எல்லாரையும் ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறமல்ல? சேஃப்டி முக்கியம் பாருங்க."

அக்கா என்றால் என் மனைவி. குழந்தைகள் என்றால் என் குழந்தைகள். எனவே கொட்டேஷனை மிகுந்த சிரத்தையோடு படித்தேன். பி.காம். படித்தவன் வேறு எதைப் படிக்காவிட்டாலும் கொட்டேஷனைப் படிப்பான். ஓட்டை போட்ட டிஸ்க் இரண்டு, 'ரேஸிங்' பிரேக் பேட் ஒரு செட், ஸ்டீல் வலை போட்ட ஹோஸ், காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட், கூலி. மொத்தம் நாற்பத்தைந்தாயிரம். சிவப்பு பெயின்ட்டுக்கு மட்டும் தனியாக இரண்டாயிரத்து ஐந்நூறு! சிவப்பாக இருந்தால் சீக்கிரம் நிற்குமோ என்னவோ.

"மாப்ள, எதுக்கும் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றேன்.

அண்ணன் என்றால் எங்கள் தெருமுனை மெக்கானிக். அம்பாசடர், பத்மினி காலத்து ஆள். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. டிஸ்க்கைப் பார்க்கவில்லை. குனிந்து டயரை உள்ளங்கையால் தட்டினார்.

"ஏங் கண்ணு, காத்து எப்ப அடிச்சே?"

மச்சினன் யோசித்தான். யோசித்த நேரமே பதில்.

கேஜை வைத்துப் பார்த்தார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்; அதில் 33 என்று போட்டிருந்தது. முன்னால் இரண்டும் 24, 26. பின்னால் ஒன்று 25. இன்னொன்று, எந்தப் புண்ணியவான் அடித்தாரோ, 41!

"இந்தக் காரு மூணு கால்ல செருப்புப் போட்டுட்டு ஒரு கால்ல கட்டை மாட்டிட்டு நிக்குதுங்க தம்பி" என்றார் என்னிடம். "இதுக்குப் போயி ரேஸ் பேடுங்களா?"

அப்புறம் அவர் சொன்னதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். "பிரேக்கு வண்டிய நிறுத்தறதில்லீங்க. பிரேக்கு சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டிய நிறுத்தறது டயரு."

யோசித்துப் பாருங்கள். ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அகலம். நாலு உள்ளங்கை, அதில்தான் அத்தனை பேரும் தொங்கிக்கொண்டிருக்கிறோம். காற்று குறைந்தால் டயரின் ஓரங்கள் மட்டும் அழுந்தும், நடு எழும்பும், சூடேறும், மழையில் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளத் தெரியாமல் மிதக்கும். காற்று கூடினால் நடு மட்டும் தேயும், தொடுகிற இடம் சுருங்கும். இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இதற்கு மருந்து எந்த பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கிறது, பெரும்பாலும் இலவசமாக.

காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் பெரிதாக ஒரு நம்பர் போட்டிருக்கிறதே என்று அதை அடித்துவிடாதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்சம். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கதவுத் தூண் ஸ்டிக்கரில்தான். ஆள் நிறைய, பெட்டி நிறைய என்றால் எவ்வளவு என்பதையும் அதே ஸ்டிக்கர் தனியாகச் சொல்லும். நைட்ரஜன் நல்லதா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். மீதி 22-க்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது.

"அப்ப இந்த ஓட்டை போட்ட டிஸ்க்கெல்லாம் சும்மாவா?" என்றான் மச்சினன், பரிதாபமாக.

சும்மா இல்லை. செட்டிபாளையம் ட்ராக்கில் ஒவ்வொரு ரவுண்டிலும் நேர்ப் பாதையில் பறந்து வந்து வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப. டிஸ்க் பழுத்துவிடும். அந்தச் சூட்டைத் தாங்கவும் ஆற்றவும்தான் பெரிய டிஸ்க், ரேஸ் பேட் எல்லாம். ரோட்டில் ஒரே ஒரு தரம் அவசரமாக நிறுத்துவதற்கு அது உதவாது. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அழுத்திப் பிடித்தால் காலுக்கடியில் கடகடவென்று தட்டுகிறது அல்லவா? (பயந்து காலை எடுக்காதீர்கள், அப்படியே அழுத்துங்கள்.) தட்டுகிறது என்றால் உங்கள் பிரேக் போதுமான அளவுக்கும் மேலேயே பிடிக்கிறது, டயருக்குத்தான் அதற்கு மேல் பிடிமானம் இல்லை என்று அர்த்தம். அங்கே நாற்பத்தைந்தாயிரத்தைக் கொண்டுபோய் பிரேக்கில் கொட்டி என்ன செய்ய? தவிர, அசல் ரேஸ் பேடுக்குச் சூடேறினால்தான் பிடிப்பு. காலையில் பால் வாங்கப் போகிற அவசரத்தில் குறுக்கே வரும் நாய்க்கு அது லாயக்கில்லை.

வேகக் கணக்கு இன்னொரு விஷயம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. காய்ந்த தார் ரோடு, நல்ல டயர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில், கண் பார்த்து கால் அழுத்த ஒரு வினாடி. அதற்குள் 22 மீட்டர் போயாயிற்று. பிடித்து நிற்க இன்னும் 36 மீட்டர். ஆக மொத்தம் 58. போத்தனூர் பாஷையில் சொன்னால் இரண்டரை ரயில் பெட்டி நீளம்! நீலாம்பூர்-மதுக்கரை பைபாஸில் லாரியின் பின்னால் அரைப்பெட்டி தூரத்தில் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைப் படித்தால் தேவலை.

ஊட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஏறுவதில் பிரேக்குக்கு வேலை குறைவு. இறங்கும்போதுதான் வம்பு. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ஆள், பெட்டி, வர்க்கி பாக்கெட் எல்லாம் சேர்த்து 1300 கிலோ வண்டி 1900 மீட்டர் இறங்குகிறது. அந்தச் சக்தி முழுக்கச் சூடாக மாறினால் 75 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். நாலைந்து குடம் வெந்நீர், ஸார்! பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் அந்த வெந்நீர் அடுப்பில் பெரும்பகுதி உங்கள் முன் சக்கரத்தில்தான் எரிகிறது. கருகல் வாசனை வருவது அதனால்தான்.

பேட் சூடேறினால் பிடிப்பு குறையும். அதைவிட மோசம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஜாதி. டாட் 3 என்கிற ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, 155. கொதித்தால் குழாயில் குமிழி வரும். குமிழி வந்தால் பெடல் அப்படியே தரைக்குப் போகும். கொண்டை ஊசி வளைவில் பெடல் தரைக்குப் போவது எப்படியிருக்கும் என்று நான் வர்ணிக்கப் போவதில்லை.

அண்ணன் ஆயில் டப்பா மூடியைத் திறந்தார். உள்ளே டிகாக்ஷன் நிறம்.

"மாத்தி எத்தனை வருசம் ஆச்சுங்க?"

பழைய சொந்தக்காரரைத்தான் கேட்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றுகிற பொருள் அது. சில நூறு ரூபாய்ச் செலவு. அதை மாற்றினார். தேய்ந்திருந்த பேடுக்குப் பதில் கம்பெனி பேடே போட்டார். பின் டிரம்மைக் கழற்றித் தூசி தட்டி அட்ஜஸ்ட் செய்தார். டயரில் முட்டை வடிவத்துக்குள் நாலு இலக்கம் இருந்ததைக் காட்டினார்: 2316. அதாவது 2016-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். வண்டியைவிடக் கிழடு! யாரோ ஸ்டாக்கில் கிடந்ததை மாட்டியிருக்கிறார்கள். பள்ளங்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன மேடு அளவுக்கு, 1.6 மில்லிமீட்டருக்கு, தேய்ந்தும்விட்டது.

"அந்தக் காசுல நாலு நல்ல டயர் போடு கண்ணு. மிச்சமாகும்" என்றார். மிச்சமானது. சிவப்பு பெயின்ட் அடிக்கலாமா என்று மச்சினன் மெதுவாக இழுத்தான். அடிச்சுக்க என்றோம். ஆசைப்படுகிறவன் மனதை ஏன் உடைப்பானேன்?

ஊட்டி போகிறவர்களுக்கு மிச்சம் இரண்டே வார்த்தை. எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். மலைப்பாதையில் செகண்ட் கியர் போர்டு வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. அந்த வெந்நீர்க் கணக்கில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற சாமர்த்தியசாலிகள் வண்டியில் இருந்தால் அவர்களைப் பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள். மேலே போனதும் குளிருக்கு டயர் காற்று குறையுமே என்று ஒரு நண்பர் கேட்டார். குறையும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் கேஜ் கூட்டிக் காட்டும். கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். கீழே ஒழுங்காக அடித்திருந்தால் போதும்.

காற்றடிக்கும் பையனிடம் நாலு டயரும் முடிந்ததும் "ஸ்டெப்னிக்கும் அடிப்பா" என்று சொல்லுங்கள். டிக்கியில் இருக்கிற வர்க்கியையெல்லாம் இறக்கச் சொல்வான். இறக்குங்கள்.