உதவி கேட்டு வருகிறவருக்கு வழிபாடு நிபந்தனை ஆகாது: எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

ஈப்போவிலும் சுங்கை சிப்புட் வரையுள்ள முன்னாள் தோட்டப்புறங்களிலும் வெள்ளிக்கிழமைதோறும் கூட்டு வழிபாடு நடத்தி வருகிறோம். அதோடு பிள்ளைகளுக்கு இலவச டியூஷனும், முடியாத குடும்பங்களுக்கு மாதாந்திரச் சாமான் உதவியும் தருகிறோம். இந்த உதவிகளைப் பெறுகிறவர்கள் பஜனைக்கும் தேவார வகுப்புக்கும் வந்தே ஆகவேண்டும் என்று விதி வைக்கலாமா என்ற கேள்வி சில காலமாக எங்களுக்குள் இருந்து வந்தது. செயற்குழு இதைப் பலமுறை பேசியது. விதி வைக்கக்கூடாது என்பதே எங்கள் முடிவு. வெளியிலும் இது பேச்சாகிவிட்டதால் காரணங்களை எல்லோரும் அறியச் சொல்கிறோம்.

விதி வேண்டும் என்று வாதாடியவர்கள் மன்றத்தின் மூத்த தொண்டர்கள். லயத்தில் பிறந்து வளர்ந்து, இன்றும் சொந்தக் காசில் பூவும் எண்ணெயும் வாங்கிவந்து விளக்கேற்றுகிறவர்கள். மற்ற மதத்தார் வீடு தேடி வந்து உதவுகிறார்கள், நம் பிள்ளைகள் நம் கையை விட்டுப் போகிறார்கள் என்பது அவர்கள் மனத்தை அறுக்கும் கவலை. அந்தக் கவலையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஒரு வீட்டில் அப்பா டயாலிசிஸில் கிடக்கும்போது, அந்த வாசலுக்குக் கோயில் தரப்பிலிருந்து திருவிழா ரசீதுப் புத்தகம் மட்டுமே போயிருந்தால், அந்தக் குடும்பம் ஏன் விலகியது என்று யாரைக் கேட்பது? நிபந்தனை போட்டால் அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை வந்து உட்காரும். மனம் வராது. எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுவாரம் அந்த இடமும் காலியாகிவிடும்.

தோட்டத்தில் கோயிலுக்கு ஆள் சேர்க்க யாரும் பாடுபட்டதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற அதே ஜனம்தான் பொழுது சாய்ந்ததும் மாரியம்மன் வாசலில் நின்றது. லயம், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, கோயில் எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன. பல தோட்டங்களில் கோயில் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். தீமிதிக்குக் குழி வெட்டினவர்களும் பந்தல் போட்டவர்களும் காலையில் ஒன்றாகப் பால் வெட்டினவர்கள்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டில் உலை ஏறாது. பக்தியையும் உதவியையும் அங்கே யாரும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. ஒரே மண்ணில் வாழ்ந்ததுதான் இரண்டையும் தாங்கியது.

அந்த மண் போய்விட்டது. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி கேட்டு வாங்கி, அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்கிக் காட்டினார். அவர் கேட்டது தோட்டத்தில் வேலை செய்கிறாயா என்பதைத்தான். எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று யாரையும் கேட்கவில்லை. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை கை தேவைப்படவில்லை. வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. ஜனம் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு என்று பிரிந்து, மலிவுவிலை அடுக்குமாடிகளில் ஒருவரை ஒருவர் அறியாத அண்டை வீட்டாரானது.

அன்று ஜனத்தைச் சேர்த்து வைத்தது குடியிருப்பு. இன்று குடியிருப்பு இல்லாத இடத்தில் வறுமையை வைத்துச் சேர்க்கலாம் என்பதுதான், எத்தனை நல்ல மனத்தோடு சொல்லப்பட்டாலும், இந்த நிபந்தனையின் பொருள். பசியைக் காட்டி ஒருவரைச் சாமி முன்னால் உட்கார வைப்பது அவருக்கும் அவமானம், சாமிக்கும் அவமானம் என்று நாங்கள் நம்புகிறோம்.

தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கின்றன. மோர் வாங்க நீளும் கை சீனருடையதா, மலாய்க்காரருடையதா, காவடிக்காரருடையதா என்று அங்கே எவரும் பார்ப்பதில்லை. குடித்தவர் கும்பிட்டாரா என்றும் பார்ப்பதில்லை. அன்னதானத்திற்கு நம் பெரியவர்கள் வைத்த ஒழுக்கம் அது. ஆண்டுக்கு ஒரு நாள் கடைப்பிடிக்கிற அந்த ஒழுக்கத்தைத்தான் மற்ற நாள்களுக்கும் கேட்கிறோம்.

எங்கள் சேவையில் இப்போது அரிசி மூட்டையைவிட அதிக நேரம் பிடிப்பது பிறப்பு, திருமணப் பத்திரங்கள்தான். தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது என்று இருந்துவிட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்தே தீரவேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் நிலையைத்தான் பெறும். அப்பா மலேசியராக இருந்தாலும், அம்மா வெளிநாட்டவராகவோ பத்திரமே இல்லாதவராகவோ இருந்தால் பிள்ளைக்குக் குடியுரிமை சிக்கலாகிவிடுகிறது. மைகார்டு எடுக்கும் 12 வயது வரும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது உறைக்கிறது. பள்ளியில் இடம் பெறுவதே போராட்டமாகிறது. குடிமகனுக்கு 1 வெள்ளியில் முடியும் அரசு மருத்துவமனை வெளிநோயாளர் சிகிச்சைக்கு வெளிநாட்டவர் கட்டணம் கட்டவேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு தாய் தேசியப் பதிவிலாகாவுக்குக் கிளம்பும்போது கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மடித்து மடித்துக் கோடு விழுந்த பிறப்புப் பத்திரம், தோட்டக் கிளினிக் அட்டை, எப்போதோ யாரோ எழுதிக்கொடுத்த கடிதம். மலாயில் பாரம் நிரப்பத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குப் பாதிப் பயம் போய்விடும். வேலைக்கு லீவு போட்டுவிட்டு இதற்காகக் கூடப் போகிற எங்கள் தங்கைமார்களை மன்றம் நன்றியோடு நினைக்கிறது. அந்தத் தாயிடம், அம்மா, நீங்கள் எத்தனை வெள்ளிக்கிழமை பஜனைக்கு வந்தீர்கள் என்று கேட்க எங்களுக்கு நாக்கு வராது.

திருமணப் பதிவுக்கு உதவிப் பதிவாளர் உள்ள கோயில்கள் நம் நாட்டில் பல உள்ளன. கல்யாணத்துக்கு மண்டபம் தரும் ஒவ்வொரு ஆலய நிர்வாகமும், நாள் குறிக்கும்போதே பதிவைப் பற்றி மணமக்களிடம் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இதற்குச் செலவே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து, உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யும் தம்பிகளுக்கும் இதே நிலைப்பாடுதான். சம்பளம் நிற்கிறது, பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது என்று வருகிறவர்களில் பலர் ஒரு முறைகூட எங்கள் வழிபாட்டுக்கு வந்ததில்லை. வெள்ளிக்கிழமை இரவு அவர்களுக்கு லீவு கிடைக்காது. நூறாண்டுக்கு முன் நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து தவித்த தவிப்பைத்தான் அவர்கள் இன்று விமானத்தில் வந்து தவிக்கிறார்கள்.

இந்த நிலைப்பாடு எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற மருத்துவர் 1913இல் மலாயாவுக்கு வந்து, நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையில் நம் ஜனத்துக்கு வைத்தியம் பார்த்தார். 1923இல் இந்தியா திரும்பி, பிறகு துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் கொள்கை வரிசையில் முதலில் நிற்பது சேவை, தியானம் அதற்குப் பிறகுதான். போருக்குப் பின் சுவாமி சத்யானந்தா தொடங்கிய சுத்த சமாஜம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியபோதும் மதங்களுக்கிடையே நல்லுறவையே பேசியது.

பஜனையைக் குறைக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். சுருதிப்பெட்டியும் ஜால்ராவும் எடுத்து, தேவாரம் பாடி, தீபாராதனை பார்த்துத் திருநீறு பூசிக்கொண்டால்தான் எங்களுக்கும் வாரம் முழுக்க ஓடத் தெம்பு வருகிறது. டியூஷன் பிள்ளைகளையும் அழைப்போம், அன்போடு திரும்பத் திரும்ப அழைப்போம். பாட ஆசைப்படும் பிள்ளைக்குத் திருமுறை சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறார். அழைப்புக்கும் நிபந்தனைக்கும் உள்ள தூரத்தை மட்டும் காப்பாற்றுவோம்.

ஆகவே டியூஷன் வருகைப் பதிவேட்டில் இருந்த பஜனை வருகைக் கட்டம் நீக்கப்படுகிறது. சாமான் பையை மேடையில் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கமும் நிற்கிறது. பைகள் வீட்டுக்கே போகும், முடிந்தவரை இருட்டியபின். அரசியல் பிரமுகர்கள் தரும் உதவியை ஏற்போம், அதற்காகப் பயனாளிகளை வரிசையில் நிறுத்தமாட்டோம். வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்று சொல்லி நன்கொடை தந்தவர்கள், இந்த முடிவில் உடன்பாடு இல்லாவிட்டால் பொருளாளரிடம் ரசீதைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவர்கள் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு எப்போதும்போல் வரவேண்டும்.